வெயில் ஊர் அவுட்டர்ல குடி போகலாமா? முடிவு பண்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துருங்க

குளுமையான ஊர்ல இருந்து வெயில் ஊருக்கு, அதுவும் அவுட்டர்ல, வீடு மாத்தலாமான்னு யோசிக்கிறவங்க எல்லாரும் வாடகை எவ்வளவு, எத்தனை ரூம், ஆபீஸ் எவ்வளவு தூரம், ஸ்கூல் பக்கமான்னு எல்லாத்தையும் கணக்கு போட்டுட்டு கடைசில "வெயில் கொஞ்சம் ஜாஸ்தி, ஏசி போட்டா சரியாயிரும்"னு ஒத்த வரில முடிச்சிர்றாங்க. நாங்களும் அப்படித்தான் முடிச்சோம். வீடு பாக்கப் போனது குளிர் சீசன்ல, காலைல பத்து மணிக்கு. நல்ல காத்து, நல்ல வெளிச்சம், பெரிய பெட்ரூம், அப்பவே அட்வான்ஸ் குடுத்துட்டோம். நாலு மாசம் கழிச்சு ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்கு தூக்கம் வராம புரண்டுட்டு இருந்தப்ப கை தெரியாம தலைமாட்டுச் சுவர்ல பட்டுச்சு, அப்ப இறக்கி வச்ச பாத்திரம் மாதிரி சுட்டுச்சு. வெயில் இறங்கி மூணு மணி நேரம் ஆயிருச்சு, சுவர் இன்னும் ஆறல. அது மேற்குச் சுவர். அந்த வீட்ட காலி பண்ணிட்டு அதே ஏரியால வேற வீட்டுக்குப் போனோம், அங்க நல்லா இருக்கோம், அதனால வெயில் ஊருக்கே போகாதீங்கன்னு சொல்ல வரல. எத பாத்து முடிவு பண்ணணும்னு சொல்லத்தான் இத எழுதறேன்.

முதல்ல அது என்ன மாதிரி வெயில்னு தெரிஞ்சுக்கோங்க

வெயில்ல ரெண்டு ஜாதி இருக்கு, வறண்ட வெயில், புழுக்க வெயில். ரெண்டுக்கும் வீடும் வேற, செலவும் வேற, உடம்பு படற பாடும் வேற. வேர்வை ஆவியாகறப்பதான் நம்ம உடம்பு சூட்ட வெளிய விடுது, காத்துல ஏற்கனவே ஈரம் நெறைய இருந்தா வேர்வை ஆவியாகாம பிசுபிசுன்னு உடம்புலயே நிக்கும், சூடு உள்ளயே தங்கிரும். அதனால 32 டிகிரின்னு போன்ல பாத்துட்டு "பரவால்லையே"ன்னு முடிவு பண்ணாதீங்க. காத்துல ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தா அந்த 32 நமக்கு 33 மாதிரிதான் தெரியும், அதே 32ல ஈரப்பதம் 70 சதவீதம்னா கிட்டத்தட்ட 41 மாதிரி இருக்கும். 1979ல ராபர்ட் ஸ்டெட்மேன்னு ஒருத்தர் போட்ட கணக்குலேர்ந்து வந்த ஹீட் இண்டெக்ஸ்தான் இது, வானிலை ஆப்ல "ஃபீல்ஸ் லைக்"னு காட்டறது பெரும்பாலும் இந்த மாதிரி கணக்குதான். அதுவும் நிழல்ல நிக்கிறவங்களுக்கு. நேர் வெயில்ல நின்னா இன்னும் மேல போகும்.

வறண்ட ஊர்னா நிழலுக்கு மதிப்பு ஜாஸ்தி, மரத்தடில நின்னாலே வித்தியாசம் தெரியும், ஏர் கூலர் நல்லா வேலை செய்யும், ராத்திரி சட்டுனு குளுந்துரும். ஆனா அங்க வேர்வை வந்ததே தெரியாம காஞ்சு போயிரும், அதனால தண்ணி குடிக்கணும்னே தோணாது, சாயங்காலம் தலவலி வந்தப்புறம்தான் தெரியும். புழுக்க ஊர்ல ஏர் கூலர் வாங்கினா காசு தண்டம், ஏற்கனவே ஈரமா இருக்கிற காத்துல இன்னும் ஈரத்த சேக்கும், அவ்வளவுதான். அங்க ஃபேன், ஜன்னல் காத்து, இல்லனா ஏசி. ஃபேனுக்கும் ஒரு எல்லை இருக்கு, காத்தே 40 டிகிரிக்கு மேல போயிட்டா ஃபேன் உடம்ப குளுமையாக்காது, சூடுதான் ஏத்தும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஆக வருஷத்துல எத்தனை நாள் 40 தாண்டுதுன்னு பாத்தாலே ஏசி இல்லாம சமாளிக்க முடியுமான்னு பாதி பதில் கிடைச்சிரும்.

பகல் சூட்ட விட ராத்திரி சூட்ட பாருங்க

இத நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் பத்தாது. எல்லாரும் "அங்க அதிகபட்சம் எவ்வளவு போகும்"னுதான் கேக்கறாங்க. கேக்க வேண்டியது "ராத்திரி எவ்வளவுக்கு இறங்கும்"னு. பகல்ல 42 அடிச்சாலும் ராத்திரி 22க்கு இறங்கற ஊர்ல ஜன்னல தொறந்து போட்டு தூங்கலாம், சுவரும் ஆறும், உடம்பும் ஆறும். பகல்ல 36 தான், ஆனா ராத்திரி 29க்கு கீழ எறங்கவே எறங்காதுன்னா அந்த ஊர்ல வாரக்கணக்கா சரியா தூக்கம் இருக்காது, அந்த அலுப்பு வேலைல தெரியும், குழந்தைங்க படிப்புல தெரியும், வீட்டுல சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை வரும். ராத்திரி முழுக்க 20க்கு கீழ போகலன்னாலே வானிலைக்காரங்க அத "டிராபிகல் நைட்"னு தனியா எண்ணி வைக்கிறாங்க, அப்ப 29 எப்படின்னு யோசிச்சு பாருங்க.

அதனால அந்த ஊரோட ரொம்ப சூடான மூணு மாசத்த மட்டும் எடுத்துக்கோங்க, வருஷ சராசரி வேண்டாம், அது ஏமாத்திரும். அந்த மூணு மாசத்துக்கு தினசரி அதிகபட்சம், தினசரி குறைஞ்சபட்சம், ஈரப்பதம் மூணையும் ஒரு அஞ்சு வருஷத்துக்கு பாருங்க. வானிலை மையங்கள்ல இந்த பழைய பதிவெல்லாம் கிடைக்கும்.

இன்னொன்னு, அந்த நம்பர் எங்க அளந்ததுன்னு கவனிங்க. வானிலை மையத்துல தெர்மாமீட்டர தரைலேர்ந்து ஒண்ணேகால்ல இருந்து ரெண்டு மீட்டர் உயரத்துல, காத்து போய் வர்ற வெள்ளைப் பெட்டிக்குள்ள, நிழல்ல வச்சிருப்பாங்க, பெரும்பாலும் ஏர்போர்ட் மாதிரி திறந்த வெளில. நீங்க போகப்போற லேஅவுட் அப்படியா இருக்கு? நகரத்தோட நடு சென்டர விட அவுட்டர் ராத்திரில சீக்கிரம் குளுரும்ங்கிறது பொதுவா உண்மைதான், கட்டடமும் தார் ரோடும் பகல்ல குடிச்ச சூட்ட ராத்திரி கக்குறதால சென்டர் ஆறாம இருக்கும். ஆனா அவுட்டர்னா மண்ணும் மரமும் இருக்கணும். இருந்த மரத்தையெல்லாம் வெட்டிட்டு, வாசல் வரைக்கும் சிமெண்ட் போட்டு, வீட்டுக்கு வீடு ஒட்டிட்டு நிக்கிற புது லேஅவுட்ல அந்த லாபம் பெருசா இருக்காது. எங்க பழைய வீடு அப்படிப்பட்ட ஒரு தெருவுலதான் இருந்துச்சு, இப்ப இருக்கிறது அங்கேர்ந்து பத்து நிமிஷ நடைதான், ரெண்டு பக்கமும் பெரிய மரம், சாயங்காலம் திரும்பி வர்றப்ப அந்த தெருவுக்குள்ள நுழைஞ்ச உடனே முகத்துல வித்தியாசம் தெரியும்.

போய் நில்லுங்க, தப்பான நேரத்துல

வீடு பாக்கப் போறவங்க வசதியான நேரத்துல போவாங்க. நீங்க வசதியில்லாத நேரத்துல போங்க. சூடான மாசத்துல, மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலுக்குள்ள ஒரு தடவை, அதே நாள் ராத்திரி ஒன்பதுக்கு மேல ஒரு தடவை. மத்தியானம் போறப்ப கார்ல வாசல் வரைக்கும் போயிறாதீங்க, பஸ் ஸ்டாப்ல எறங்கி நடந்து போங்க, கடை வரைக்கும் நடந்து பாருங்க. நடு வழில நிழல் எங்க இருக்கு, உக்கார இடம் இருக்கா, பஸ் ஸ்டாப்புக்கு கூரை இருக்கான்னு பாருங்க. கால் கிலோமீட்டர் நடக்கறதே முடியலன்னா அந்த வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் எல்லாத்துக்கும் வண்டிதான், அந்த செலவ வாடகையோட சேத்துக்கோங்க.

வீட்டுக்குள்ள போனா மேற்குச் சுவர்ல உள்பக்கமா உள்ளங்கைய வைங்க. மேல் மாடின்னா ஒரு ஸ்டூல் கேட்டு ஏறி சீலிங்லயும் கைய வைங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. குழாய தொறந்து ஒரு நிமிஷம் விடுங்க, மேல டேங்க் இருக்கிற வீட்டுல மத்தியானம் மூணு மணிக்கு வர்ற தண்ணில கைய வைக்க முடியலன்னா அப்புறம் அந்த நேரத்துல குளிக்கவோ குழந்தைக்கு கை கால் கழுவவோ முடியாது, டேங்குக்கு நிழல் போட இடமிருக்கான்னு கேளுங்க. ராத்திரி திரும்பப் போறப்ப அதே சுவரத் தொட்டு பாருங்க, மத்தியானம் தொட்டத விட அப்ப ஜாஸ்தி சுட்டா ஆச்சரியப்படாதீங்க, செங்கலும் கான்கிரீட்டும் வெளிய வாங்கின சூட்ட பல மணி நேரம் கழிச்சுத்தான் உள்ள விடும். ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஈரப்பதமும் காட்டற மாதிரி, வாங்கி பைல போட்டுக்கோங்க, மூணு வீடு பாத்தா மூணையும் நம்பர வச்சே ஒப்பிடலாம்.

சூடான மாசத்துல போக முடியலையா, அப்ப அங்க குடியிருக்கிறவங்கள கேளுங்க. "வெயில் எப்படி"ன்னு கேட்டா எல்லாரும் "பழகிரும்"னுதான் சொல்வாங்க. "போன வருஷம் உச்ச வெயில் மாசத்துல எந்த ரூம்ல படுத்தீங்க"ன்னு கேளுங்க. "ஒரு ரூம்லதான் ஏசி, எல்லாரும் அங்கதான்"னு பதில் வந்தா, மூணு ரூம் வீட்டுக்கு வாடகை குடுத்து அந்த மாசங்கள்ல ஒரு ரூம்லதான் வாழறாங்கன்னு அர்த்தம்.

சொந்தமா வாங்கப் போறவங்க தயவு செஞ்சு அதே ஏரியால ஒரு கோடை முழுக்க வாடகைக்கு இருந்து பாத்துட்டு அப்புறம் வாங்குங்க.

வீட்டுல எத பாக்கணும்

மேற்கு திசை பத்தி ஏற்கனவே சொல்லிட்டேன், காரணத்தையும் சொல்லிர்றேன். கிழக்குச் சுவருக்கும் வெயில் படுது, ஆனா அது காலைல, காத்து இன்னும் சூடாகாத நேரம். மேற்குக்கு படறது ஊரே கொதிச்சு முடிச்ச நேரத்துல, அதுவும் சூரியன் தாழ்வா இருக்கறதால சன்ஷேட் எல்லாம் தடுக்காது, நேரா சுவர்லயும் கண்ணாடிலயும் அடிக்கும். மேற்குல பெட்ரூம் இருந்தா யோசிங்க, மாடிப்படியோ பாத்ரூமோ ஸ்டோர் ரூமோ இருந்தா நல்லது, மேற்குல பக்கத்து வீடோ பெரிய மரமோ நின்னா ரொம்ப நல்லது.

ஜன்னலுக்கு உள்ள திரை போட்டா போதும்னு நினைப்பாங்க. வெயில் கண்ணாடிய தாண்டி உள்ள வந்துட்டா அது வீட்டுக்குள்ள வந்த சூடுதான், திரை அத கொஞ்சம்தான் திருப்பி அனுப்பும். வெளிப்பக்கமா தட்டியோ ஷேடோ போட முடியுமா, வீட்டுக்காரர் விடுவாரான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. மேல் மாடி வீடுன்னா தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிச்சிருக்காங்களான்னு பாருங்க, இல்லனா அடிச்சுத் தருவாங்களான்னு கேளுங்க, நாள் பூரா வெயில் வாங்கறது தளம்தான்.

ஏசிய பத்தி ஒரு விஷயம். 1 டன்னா மெஷினோட வெயிட் இல்ல, ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருகறதுக்கு எவ்வளவு சூட்ட இழுக்குமோ அந்த அளவு சூட்ட வெளிய தள்ற சக்தி, மணிக்கு 12,000 பிடியூ (சூட்ட அளக்கற ஒரு அளவு), சுமார் 3.5 கிலோவாட். அதே சைஸ் ரூம்தான்னாலும் மேல் மாடி, மேற்குச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல் மூணும் சேந்துட்டா கீழ் வீட்டுக்கு போதுமான ஏசி அங்க ஓடிட்டே இருக்கும், ரூம் குளுராது. ஏசி மாட்ட சுவர ஓட்டை போட விடுவாங்களா, வெளி யூனிட் வைக்க இடம் எங்க, அந்த லைன் லோட் தாங்குமா, இதெல்லாம் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பேசற பேச்சு.

கரண்ட் கட்டு எப்ப வரும்? எல்லாரும் ஏசி போடறப்பதான் வரும், அதாவது உங்களுக்கு ரொம்ப தேவைப்படற நேரத்துல. ஊர் கடைசில, லைனோட கடைக்கோடில இருக்கிற தெருவுல லோ வோல்டேஜும் சேந்துக்கும். அக்கம்பக்கத்துல "ராத்திரி பத்து மணிக்கு ஏசி கம்ப்ரசர் ஓடுதா"ன்னு கேளுங்க. இன்வெர்ட்டர் பேட்டரிய வெக்கையான இடத்துல வச்சா சீக்கிரம் போயிரும், லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுசுல சுமார் பாதிய இழக்கும்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அதனால அத வைக்க நிழலான மூலை வேணும். தண்ணிய பத்தி நீளமா சொல்ல ஒண்ணுமில்ல: கோடைல தண்ணி வருதா, வரலன்னா எப்படி வாங்கறாங்க, என்ன செலவு, இந்த மூணையும் கேட்டுருங்க.

செலவு கணக்க இப்படி போடுங்க

உங்க பழைய வீட்டு கரண்ட் பில்ல வச்சு கணக்கு போடாதீங்க. 1.5 டன் ஏசி ஒண்ணு முழு மூச்சா ஓடறப்ப சுமார் 1.5 கிலோவாட் இழுக்கும், எட்டு மணி நேரம் ஓடினா 12 யூனிட், மாசத்துக்கு 360. குளுந்தப்புறம் கம்ப்ரசர் நின்னு நின்னு ஓடும், நல்ல இன்வெர்ட்டர் ஏசின்னா (கம்ப்ரசர் வேகத்த தானே கொறைச்சுக்கற ஏசி) இன்னும் கம்மியாகும், ஆனா அனல் அடிக்கிற ராத்திரில இந்த நம்பருக்குப் பக்கத்துலதான் நிக்கும். ரெண்டு ரூம்னா ரெண்டால பெருக்குங்க, எத்தனை மாசம் போடுவீங்களோ அத்தனையால பெருக்குங்க, உங்க ஊர் யூனிட் ரேட்டால பெருக்குங்க. யூனிட் கூடக் கூட ரேட்டும் ஏறற ஊரா இருந்தா அந்த மேல் ரேட்ட எடுத்துக்கோங்க. முடிஞ்சா இப்ப குடியிருக்கிறவங்க கிட்ட உச்ச வெயில் மாசத்து பில்லையே காட்டச் சொல்லுங்க, அத விட நல்ல கணக்கு கிடையாது. இதோட தண்ணி செலவு, வண்டி செலவு, ஏசி சர்வீஸ் எல்லாம் கூட்டி, வாடகைல வருஷத்துக்கு மிச்சமாகறதோட பக்கத்துல வச்சு பாருங்க. சில பேருக்கு மிச்சம் நல்லாவே நிக்கும். குளிர் ஊர்ல ஹீட்டருக்கு குடுத்துட்டு இருந்தவங்களுக்கு அந்த காசும் மிச்சம், அதையும் கழிக்க மறக்காதீங்க.

மத்தியானம் மூணு மணிக்கு வீட்டுல யாரு?

முடிவு பண்ண வேண்டியது ஆபீஸ் போற ஆள் இல்ல. அவர் பகல் பூரா ஏசில இருந்துட்டு இருட்டினப்புறம் வருவார். வீட்டுலயே இருக்கிற ஆள்தான் முடிவு பண்ணணும். எங்க வீட்டுல அது அம்மா. அந்த மேற்கு ரூம்ல மத்தியானம் ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் தனியா இருந்தாங்க, "எனக்கு ஒண்ணும் பிரச்னை இல்லப்பா"ன்னே சொன்னாங்க, கரண்ட் பில் ஏறுமேன்னு ஏசிய அணைச்சு வச்சிருந்தாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. வயசானா தாகமே சரியா தெரியாது, வேர்க்கறதும் கொறையும். பிபிக்கோ இதயத்துக்கோ நீர் பிரியற மாத்திரை சாப்பிடறவங்க, கிட்னி பிரச்னை இருக்கிறவங்க, கர்ப்பிணிங்க, கைக்குழந்தை, மனநல மாத்திரை சிலது எடுக்கறவங்க, இவங்கள்ல யாராவது வீட்டுல இருந்தா போறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட "இந்த மாதிரி ஊருக்கு போறோம், மருந்த மாத்தணுமா"ன்னு கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. இன்சுலின் போடறவங்க இருந்தா கரண்ட் கட்ட ரெண்டு மடங்கு சீரியஸா எடுத்துக்கோங்க, தொறக்காத இன்சுலின் 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும்.

வெயில் உடம்புக்கு பழகும், பொய் இல்ல, ஆனா அதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிட்டு வந்தாதான் பழகும். ராத்திரி தூங்காத உடம்புக்கு அதுவும் கஷ்டம். யாராவது வெயில்ல பேச்சு குழறி, நிதானம் இல்லாம, உடம்பு நெருப்பா கொதிச்சா அது மயக்கம்னு விட்டுறாதீங்க, உடம்பு சூடு 40க்கு மேல போன ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸ கூப்பிட்டுட்டு அது வர்றதுக்குள்ள நிழலுக்கு தூக்கிட்டுப் போய் உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறிட்டே இருங்க. பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு அவுட்டர் போறவங்க கட்டாயம் பாக்கணும்னு சொல்றது இதுக்காகத்தான். அப்புறம் மூடின கார்ல பத்து நிமிஷத்துலயே சூடு சுமார் பத்து டிகிரி ஏறிரும், குழந்தையையோ நாயையோ "ஒரு நிமிஷம்"னு கூட விட்டுட்டு எறங்காதீங்க.

நல்லதும் இருக்கு

இடம் கிடைக்குது, அது சின்ன விஷயம் இல்ல. காலைல அஞ்சரைலேர்ந்து ஏழரை வரைக்கும் எங்க தெருவ பாக்கணும், நடக்கறவங்க, சைக்கிள் ஓட்டற பசங்க, செடிக்கு தண்ணி விடறவங்க, ஊரே அந்த ரெண்டு மணி நேரத்துல வாழ்ந்து முடிச்சிரும், அப்படி ஒரு காலைய நான் குளிர் ஊர்ல பாத்ததில்ல. துணி ஒரு மணி நேரத்துல காயுது. வறண்ட ஊர்னா ராத்திரி மாடில படுத்தா போர்வை கேக்கும். சொந்த வீடுன்னா சோலார் போடலாம், பேனல் சூடாக ஆக ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் மாதிரி உற்பத்தி கொறையும், அப்படியும் ஏசி ஓடற பகல் நேரத்துலதான் பேனலும் ஓடுதுங்கறதால கணக்கு நல்லாவே பொருந்தும். சீக்கிரம் எந்திரிக்கிற பழக்கம் இருக்கிற குடும்பத்துக்கு வெயில் ஊர் ஒத்துப்போகும். காலைல ஒன்பதுக்கு மேல எந்திரிச்சு மத்தியானம் கடைக்கு கெளம்பற குடும்பத்துக்கு ஒவ்வொரு நாளும் போராட்டம்தான்.

நல்லது கெட்டதுன்னு ரெண்டு பக்கமா கோடு போட்டு எழுதறத விட, ஒரு பேப்பர்ல வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தர் பேரையும் எழுதி, உச்ச வெயில் மாசத்துல ஒரு நாள் காலை ஆறுலேர்ந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் அவங்க எங்க இருப்பாங்க, அங்க குளுமையா இருக்குமா, கரண்ட் போனா என்ன பண்ணுவாங்கன்னு மணிக்கு மணி எழுதுங்க. எழுதறப்பவே எந்த கட்டத்துல பேனா நிக்குதுன்னு தெரியும். எங்களுக்கு அம்மாவோட ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு மணி கட்டத்துலதான் நின்னுச்சு. அத சரி பண்ண ஊர மாத்த வேண்டியிருக்கல, கீழ் வீடு, மேற்குல மரம், அம்மா ரூம் கிழக்குல, அவ்வளவுதான் தேடினோம், கிடைக்க அஞ்சு மாசம் ஆச்சு. ஏதாவது ஒரு கட்டத்த சரி பண்ணவே முடியலன்னா, அந்த ஆளுக்காக அந்த ஊர விட்டுருங்க, வாடகை எவ்வளவு கம்மியா இருந்தாலும்.

போறதுன்னு முடிவாயிருச்சுன்னா கோடை முடியற நேரமா பாத்து போங்க, அடுத்த கோடை வர்றதுக்குள்ள வீட்டோட குணம் தெரிஞ்சிரும், வெயில் ஏற ஏற உடம்பும் கொஞ்சம் கொஞ்சமா பழகும். கோடைக்கு நடுவுலதான் போகணும்னா சாமான் எறக்கற வேலைய விடியக்காலைல வச்சுக்கோங்க, ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல் நாளே மேற்கு ஜன்னலுக்கு வெளிய தட்டிய கட்டிட்டு, வயசானவங்க படுக்கற ரூம்ல ஏசியோ ஃபேனோ ஓடுதான்னு ஒரு தடவை போட்டு பாத்துட்டு அப்புறம் மத்த மூட்டைய பிரிங்க.